எண்ணுக்குக் கீழே ஒரு பட்டை

மைதானம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர், வேலூர் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.)

பள்ளி திறந்து குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்தால் கடிதங்களில் பாதி கேப்டன் பதவியைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை பாதிக்கு மேல். அதனால் முழங்கால் வலி, ஷூ, சாப்பாடு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதற்கே இடம் கொடுக்கிறேன்.

கேள்வி: நான் குடியாத்தம் பக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எட்டாவதிலிருந்து வாலிபால் ஆடுகிறேன். எங்கள் டீமில் ஸ்மாஷ் அடிக்க என்னை விட்டால் ஆள் இல்லை. போன வருடம் மாவட்ட ஃபைனல் வரை போனோம். இந்த வருடம் பின்வரிசையில் மட்டும் நின்று பந்து எடுக்கும் லிபரோவைக் கேப்டனாகப் போட்டுவிட்டார்கள். அவள் பத்தாம் வகுப்பு. லிபரோ கேப்டனாக இருக்கவே கூடாது என்று கிளப்பில் ஆடும் ஒரு அண்ணன் சொல்கிறார். ஹெச்.எம்.மிடம் வந்து பேசட்டுமா என்று அப்பா கேட்கிறார். நான் என்ன செய்யட்டும் டீச்சர்?

பதில்: முதலில் அந்த அண்ணன் சொன்னதைப் பார்த்துவிடுவோம். முன்பு அப்படித்தான் இருந்தது. சர்வதேச வாலிபால் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டு விதிப் புத்தகத்தில் அது மாறிவிட்டது. இப்போது லிபரோவும் கேப்டனாகலாம். அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டு அப்பா பள்ளிக்கு வந்தால் சங்கடம் உனக்குத்தான்.

அதே விதிப் புத்தகத்தில் உனக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. லிபரோ பின்வரிசையில் மட்டும் ஆடுபவள். ரொட்டேஷனில் முன்வரிசை வரும்போது வெளியே போயாக வேண்டும். கேப்டன் களத்தில் இல்லாத நேரத்தில், உள்ளே இருக்கும் ஒருத்தி ஆட்டத் தலைவியாக இருக்க வேண்டும். நடுவரிடம் பேசும் உரிமை அப்போது அவளுக்கு. உங்கள் டீமில் அது யார் என்று முடிவாகியிருக்கிறதா? டீச்சரிடம் கேட்டுப் பார்.

வாலிபாலில் கேப்டன் என்றால் சட்டையின் மார்புப் பக்கம் எண்ணுக்குக் கீழே 8 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை. அவ்வளவுதான் வெளியே தெரியும். அவள் செய்யும் வேலை வேறு. டாஸ் போட வேண்டும். ஸ்கோர் ஷீட்டில் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கையெழுத்துப் போட வேண்டும். நடுவர் கொடுத்த முடிவு புரியவில்லை என்றால் பந்து நின்றிருக்கும்போது போய் மரியாதையாக விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் ஒப்பவில்லை என்றால் எங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்வோம் என்று அப்போதே சொல்லிவிட்டு, ஆட்டம் முடிந்த பின் ஸ்கோர் ஷீட்டில் எழுத வேண்டும். நடுவில் கத்தினால் கார்டுதான். சிவப்புக் கார்டு வந்தால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட் சும்மா போகும். அந்த நேரத்தில் முகம் சிவக்காமல் நிற்கிற பெண்ணைத்தான் ஆசிரியர் தேடுவார்.

நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்கிறேன். காட்பாடியில் ஒரு மாவட்டப் போட்டி. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பின்வரிசை ஓரத்தில் நின்றாள். எதிரணி அவள் பயப்படுவதைப் பார்த்துவிட்டது. வருகிற சர்வீஸ் எல்லாம் அவளுக்கே. கை நடுங்கி பந்து கண்ட பக்கம் போகிறது. எங்கள் அட்டாக்கர் நல்ல உயரமான பெண். அவள் திரும்பி அந்தச் சின்னப் பெண்ணை முறைக்கவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து ஒரு எட்டு பின்னால் போய், ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து நின்றாள். "கோட்டோரம் வர்றத மட்டும் நீ பாரு. உள்ள வர்றது எல்லாம் எனக்கு" என்றாள். சின்னவள் காக்க வேண்டிய இடம் சட்டென்று பாதியாகிவிட்டது. கை நடுக்கமும் நின்றுவிட்டது. ஆனால் அங்கே நின்று பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வலைக்கு ஓடி வர நேரமாகும் அல்லவா? ஸ்மாஷ் அடிக்கச் செட்டர் உயர்த்திக் கொடுக்கும் லிஃப்ட் வரும்போது இவள் இன்னும் பாதி வழியில் இருப்பாள். செட்டர் பந்தை வேறு ஆளுக்குத்தான் கொடுக்க முடிந்தது. அன்றைக்கு அவள் அடித்த ஸ்மாஷ் மிகக் குறைவு. பார்க்க வந்தவர்கள், இன்றைக்கு இந்தப் பெண் சரியாக ஆடவில்லை என்று பேசிக்கொண்டே போனார்கள். நான் ஊருக்குத் திரும்பியதும் அவளைக் கேப்டனாக்கினேன்.

ஸ்மாஷ் அடிப்பவள் கேப்டனாக முடியாது என்பதில்லை, பார்த்தாயா? ஒரு பாயிண்ட் முடிந்து அடுத்த சர்வீஸ் விசில் வரும் வரை சில நொடிகள் இருக்கின்றன. நான் ஆட்டத்தைவிட அந்த நொடிகளைத்தான் கவனிப்பேன். செட்டர் கொடுத்த லிஃப்ட் தாழ்ந்து வந்து நீ வலையில் அடித்துவிட்டால் அடுத்து என்ன செய்கிறாய்? செட்டரைப் பார்த்துக் கையை விரிக்கிறாயா, அடுத்த பந்தைக் கேட்கிறாயா? 30 நொடி டைம் அவுட்டில் தண்ணீர் பாட்டிலோடு ஒதுங்கி நிற்கிறாயா, வட்டத்துக்குள் வருகிறாயா? உன்னை உட்கார வைத்துவிட்டு வேறு ஆளை இறக்கினால் பெஞ்சில் உன் முகம் எப்படி இருக்கிறது? இதையெல்லாம் நீயே யோசித்துப் பார். பதில் எனக்கு எழுத வேண்டாம்.

சில பள்ளிகளில் வேண்டியவர் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டை போவதும் நடக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் விஷயத்தில் அப்படியா என்று எனக்குத் தெரியாது. எப்படியானாலும் அப்பாவை அனுப்பாதே. பயிற்சி முடிந்து வலை அவிழ்க்கும் நேரத்தில் நீயே டீச்சரிடம் போ. "அவளுக்கு ஏன் கொடுத்தீங்க" என்று தொடங்காதே. "என்கிட்ட என்ன குறையுது டீச்சர்?" என்று கேள். நேர்மையாக ஆள் எடுத்தவர் என்றால் இரண்டு விஷயமாவது உடனே சொல்வார். சொன்னதைக் குறித்துக்கொள்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு, பேரணாம்பட்டு. குள்ளமாக இருக்கிறேன். வாலிபால் டீமில் சேரவே முடியாதா? கேப்டன் ஆக முடியாதா?

பதில்: பாப்பா, பெரிய பெண்களுக்கு வலை 2.24 மீட்டர் உயரம். அதற்கு மேலே கை போகிறவர்கள் முன்னால் நிற்கட்டும். பின்னால் பந்து எடுக்கக் குனியத் தெரிந்த ஆள் வேண்டும். மேல் கேள்வியில் ஒரு பத்தாம் வகுப்பு லிபரோ கேப்டனாகியிருக்கிறாள், படித்தாயா? சுவரில் பந்தடித்துக் கையைப் பழக்கு. உயரத்தை அளந்துகொண்டே இருக்காதே.

கேள்வி: அணைக்கட்டு பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர் நான். கபடி அணியில் இரண்டு தெருப் பையன்கள் இருக்கிறார்கள். ஒரு தெருப் பையனைக் கேப்டனாக்கினால் இன்னொரு தெரு பயிற்சிக்கு வருவதில்லை. ஓட்டெடுப்பு வைக்கலாமா? ஒரு வருடம் இந்தத் தெரு, அடுத்த வருடம் அந்தத் தெரு என்று மாற்றிக் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, தெரு என்று எழுதியிருக்கிறீர்கள். சாதி என்று நான் எழுதிவிடுகிறேன். பெயர் சொல்லாமல் இதைச் சரிசெய்ய முடியாது.

ஓட்டெடுப்பு வேண்டாம். எந்தத் தெருவில் தலை அதிகமோ அந்தத் தெருதான் ஒவ்வொரு வருடமும் ஜெயிக்கும். மாற்றி மாற்றிக் கொடுப்பது பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் கேப்டனாக ஒரு பையனுக்கு வேண்டிய தகுதி அவன் தெருதான் என்று ஆசிரியரே சட்டம் போட்ட மாதிரி ஆகிவிடும். அதுவும் வேண்டாம்.

கபடியிலேயே இதற்கு வழி இருக்கிறது. பாடி வருகிறவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும்போது ஓரத்தில் நிற்கும் கார்னர் பையன் கணுக்காலைப் பிடிப்பான். அவனோடு கை கோர்த்து நிற்கிற பக்கத்துப் பையன் அதே மூச்சில் வந்து அடைக்க வேண்டும். வரவில்லை என்றால் பாடி வந்தவன் இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். பிடித்தவன் அவுட், பாயிண்ட் அவர்களுக்கு. இப்படிக் கை கோர்த்துச் செயின் பிடிக்காமல் கபடியில் எந்த அணியும் நிற்க முடியாது. ஆகவே கார்னரில் ஒரு தெருப் பையன், அவன் கை கோர்க்கும் இடத்தில் இன்னொரு தெருப் பையன். இப்படியே ஜோடி போடுங்கள். பயிற்சியில், கை கோர்த்துப் பிடித்த பிடிக்கு மட்டும் பாயிண்ட் என்று வையுங்கள்.

கை கோர்க்க மாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அன்றைக்கு யாருக்கும் ஆட்டம் கிடையாது. என் பெண்கள் அணியிலும் இது வந்தது. நான் சத்தம் போடவில்லை. எல்லாரையும் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார வைத்தேன். மணி அடித்ததும் வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாளும் அதே. சில நாளில் அவர்களாகவே எழுந்து போய் நின்றார்கள். ஒருத்தி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள், மற்றவள் பிடித்தாள். அதற்கு முன் தலைமையாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தேன். நீங்களும் சொல்லி வையுங்கள். ஊரிலிருந்து யாராவது பேச வந்தால் நீங்கள் தனியாக நிற்கக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது சாப்பாட்டை ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துப் பரிமாறுங்கள். பஸ்ஸில் யார் யார் பக்கத்தில் உட்காருவது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேப்டன் பெயரை இப்போதே அறிவிக்க வேண்டாம். நட்பு ஆட்டங்களில் ஆளுக்கொரு ஆட்டம் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பதை முன்னாடியே ஒரு தாளில் எழுதி அறையில் ஒட்டிவிடுங்கள்: தினம் வருகிறானா, முதலில் வந்து களத்தில் கல் பொறுக்குகிறானா, தான் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே இருப்பவனுக்குக் குரல் கொடுக்கிறானா, தோற்ற அன்று அடுத்த தெருப் பையன்மேல் பழி போடாமல் இருக்கிறானா. பிறகு தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எந்தத் தெரு வந்தாலும் அந்த முடிவிலிருந்து இறங்காதீர்கள்.

கேள்வி: சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். மகன் ஒன்பதாம் வகுப்பு, பளு தூக்குகிறான். அவன் பள்ளியில் ஸ்போர்ட்ஸ் கேப்டன் பதவி எப்போதும் கிரிக்கெட், ஃபுட்பால் பையன்களுக்கே போகிறது. தனியாக ஆடுகிறவனுக்கு மரியாதை கிடையாதா?

பதில்: சத்துவாச்சாரியிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா ஐயா! உங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்டு கோஸ்டில் தொடையில் அடிபட்ட பிறகும் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். மேடையில் கேப்டன் பட்டை எதுவும் இல்லை. வேலூர்க்காரர்கள் எல்லாருக்கும் அவர் பெயர் தெரியும்.

ஆனால் ஸ்போர்ட்ஸ் கேப்டன் பதவி நன்றாக ஆடியதற்குக் கொடுக்கும் பரிசு இல்லை. அது வேலை. விளையாட்டு விழாவில் கொடி பிடித்து முன்னால் நடக்க வேண்டும், உறுதிமொழி வாசிக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் சுண்ணாம்புத் தூள் கொண்டு டிராக் போட வேண்டும். ஆறாம் வகுப்புக் குழந்தைகளை வரிசையில் நிறுத்த வேண்டும். உங்கள் மகன் ஜிம்முக்கு நேராகப் போய்விடுகிற பிள்ளை என்றால் பள்ளி மைதானத்தில் அவனை யாருக்கும் தெரிந்திருக்காது. வாரத்தில் ஒரு மாலை அங்கே நிற்கச் சொல்லுங்கள். மற்ற ஆட்டங்களுக்குக் கை கொடுக்கட்டும். பதக்கம் வாங்கி வந்தால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிக்கச் சொல்லி நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. தடகளத்தில் 5, 3, 1 என்று புள்ளி கூட்டித் தனிநபர் சாம்பியன் என்று கோப்பை கொடுக்கிறார்கள். பளு தூக்குகிற பிள்ளைக்குப் பள்ளியில் அப்படி எதுவும் அமைவதில்லை. அந்த அறிவிப்பாவது அவனுக்கு வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பதக்கம் சுலபமாகக் கிடைக்கும் என்று சாப்பாட்டைக் குறைத்து எடைப் பிரிவை இறக்காதீர்கள். வளர்கிற வயது.

கேள்வி: வாலாஜாவிலிருந்து ஒரு தாய். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளியின் கோ-கோ கேப்டன். கேப்டனாக இருப்பது இன்ஜினியரிங் சேர்க்கைக்கு உதவுமா? படிப்புக்காக அந்தப் பொறுப்பை விட்டுவிடச் சொல்லலாமா?

பதில்: கேப்டன் என்பதற்குத் தனியாக மதிப்பெண் கிடையாது அம்மா. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அங்கே எந்த மட்டத்துப் போட்டி, எந்த இடம் பிடித்தார்கள் என்பதுதான் கணக்கு. மாநில அளவில் ஜெயித்த அணியில் இருந்த கேப்டனும் மற்றப் பெண்களும் அங்கே ஒன்றுதான்.

அதனால் சான்றிதழைப் பாருங்கள். பலர் வீட்டில் அலமாரிக்குள் வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில்தான் எடுக்கிறார்கள். பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். போட்டி நடந்த தேதியும் இடமும் இருக்கிறதா, எந்த வயதுப் பிரிவு என்று போட்டிருக்கிறதா, கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று வாங்கிய அன்றே பாருங்கள். என் மாணவி ஒருத்திக்கு இனிஷியல் மாறி விழுந்துவிட்டது. திருத்தி வாங்க அவள் அப்பா ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே இருந்தவர் மாறிப்போய், புதிதாக வந்தவருக்கு அந்தப் போட்டியைப் பற்றியே தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். லேமினேஷன் போடாதீர்கள். கவரில் போட்டு வைத்தால் போதும். சரிபார்க்கும் இடத்தில் பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டி வரலாம்.

வாலாஜாவில் இருப்பது உங்கள் மகளுக்கு ஒரு விதத்தில் நல்லது. நான் ஆடிய காலத்தில் வட ஆற்காடு ஒரே மாவட்டம். அரக்கோணம், வந்தவாசி, திருப்பத்தூர் எல்லாம் ஒன்றாகத்தான் மோத வேண்டும். எல்லாரையும் தாண்டி ஒரு அணிதான் மாநிலத்துக்குப் போகும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. ஒன்றாக இருந்த இடத்தில் இப்போது நான்கு மாவட்டங்கள், நான்கு வழிகள். மாநிலப் போட்டியைக் கண்ணால் பார்க்காமலே பள்ளியை முடித்த நல்ல ஆட்டக்காரிகள் எங்கள் காலத்தில் எத்தனையோ பேர். இன்றைக்கு வாய்ப்பு பக்கத்தில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

மாநிலத்துக்குப் பள்ளி அணியே போகும். அதற்கு மேலே இந்திய அளவில் ஆட மாநில அணி எடுப்பார்கள். அங்கே பள்ளிக் கேப்டனா என்று யாரும் கேட்பதில்லை, ஓட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.

பொறுப்பை விடச் சொல்லாதீர்கள். கோ-கோவில் ஓடுகிறவர்கள் மூன்று மூன்று பேராக உள்ளே போவார்கள். முதல் மூவர் யார், நின்று சமாளிக்கிற ஆளை எந்தப் பேட்ச்சில் வைப்பது என்று யோசிப்பதுதான் கேப்டனின் பெரிய வேலை. அதற்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்காது. நேரத்தைத் தின்பது மற்றச் சில்லறை வேலைகள்: பெயர்ப் பட்டியல், சட்டை கணக்கு, ஜூனியர்களைப் பயிற்சிக்கு வரவைப்பது. அவற்றைத் துணைக் கேப்டனுக்கும் பதினொன்றாம் வகுப்புப் பெண்களுக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அணியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் அவர்கள்தானே.

கேள்வி: ஆம்பூர். ஃபுட்பால் டீமில் நான் துணைக் கேப்டன். கேப்டன் என் நெருங்கிய நண்பன். ஜூனியர் பையன்களைப் பை தூக்கச் சொல்கிறான், தண்ணி பிடித்து வரச் சொல்கிறான், தப்பாக ஆடினால் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். சொன்னால் நட்பு கெடும். சொல்லாவிட்டால் ஜூனியர்கள் நின்றுவிடுவார்கள்.

பதில்: சொல்லிவிடு தம்பி. மைதானத்தில் எல்லார் முன்னாலும் வேண்டாம். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சொல். பையன் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லிப் பேசு. "நீ இப்பல்லாம் மாறிட்ட" என்று பொதுவாகப் பேசினால் சண்டைதான் வரும்.

நாளையிலிருந்து உன் பையை நீயே தூக்கு. பந்துப் பையையும் தூக்கு. தண்ணி பிடிக்கச் சீனியர் ஜூனியர் பார்க்காமல் நாள் கணக்கில் முறை வைத்து எழுதி ஒட்டு. முதல் நாள் உன் பெயர் இருக்கட்டும், இரண்டாம் நாள் அவன் பெயர். திட்டு வாங்கிய பையனிடம் அன்றைக்கே போய்ப் பேசி, அடுத்த பயிற்சிக்கு நீயே கூட்டிக்கொண்டு வா.

கை நீட்டினான் என்றால் மட்டும் நட்பைப் பார்க்காதே. அன்று மாலையே பி.இ.டி. சாரிடம் சொல்லிவிடு.